மூணு டம்ளர் இன்ஜின்

2002 மே மாதம். பகல் ஒன்றரை மணி. திருமங்கலம் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். முன்னால் மணல் லாரி, பின்னால் டவுன் பஸ். கேட் போட்டுப் பத்து நிமிஷமாகியும் ரயிலைக் காணோம். இன்ஜினை அணைத்திருக்கலாம். ஆனால் பேட்டரி அப்போது வீக். அணைத்து மறுபடி எடுக்காவிட்டால் பின்னால் நிற்கிற பஸ்காரர் என்னென்ன பேசுவார் என்று யோசித்து அப்படியே ஓடவிட்டேன். ஒரு கூட்ஸ் வண்டி போனது. கேட்டைத் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு ரயில் வர வேண்டுமாம்.

டெம்பரேச்சர் ஊசி பாதியைத் தாண்டியதைப் பார்த்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். பார்க்காமல் விட்டிருந்தால் தெரியாமல் நடந்தது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பார்த்தேன். "கேட் திறந்து ஓட ஆரம்பித்தால் காற்றுப் பட்டு இறங்கிவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட் திறந்தது. மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். ஊசி இறங்கவில்லை, சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானட் ஓரமாக ஆவி வந்தது. இழுவை குறைந்து, வண்டி விக்கி விக்கி, ஒரு புளியமரத்தடியில் தானாகவே நின்றது.

வண்டி 1993 மாடல் வெள்ளை மாருதி 800. 1999-இல் இரண்டாவது கைக்கு வந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் வைத்த இன்ஜின், நாலு கியர், ஏசி கிடையாது. மதுரைக்குக் கட்டி இழுத்து வந்தபோது எங்கள் மெக்கானிக் அண்ணன் ஆயில் மூடியைத் திருகி எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். மூடியின் அடியில் மோர் கலந்த காபி மாதிரி ஒரு கூழ்.

"எத்தனை கிலோமீட்டர் ஓட்டுனீங்க தம்பி, ஊசி ஏறுனதுக்கு அப்புறம்?"

"மூணுதான்ணே."

"மூணு கிலோமீட்டருக்கு ஆசைப்பட்டு ஹெட்டைக் குடுத்துட்டீங்க."

அன்று சாயங்காலமே ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிற பாகத்தை, கழற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை எனக்கு இன்ஜின் என்றால் பானட்டுக்குள் இருக்கிற ஒரு கறுப்புக் கட்டி. போல்ட்டெல்லாம் கழன்றதும் அவர் ஒருவராகவே ஹெட்டைத் தூக்கி ஒரு சாக்கின் மேல் வைத்தார். கீழே மூன்று வட்டக் குழிகள் வரிசையாக நின்றன. ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் தகடு, குழிகளுக்கு நடுவே ஒரு இடத்தில் கருகித் திறந்திருந்தது. குழிகளின் வாய் எவ்வளவு அகலம் என்று நினைக்கிறீர்கள்? 68.5 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 72 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டருக்குச் சுமார் 265 சிசி. வீட்டில் இருக்கிற கொஞ்சம் பெரிய எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தண்ணீர் பிடித்தால் அவ்வளவு வரும். அப்படி மூணு டம்ளர், மொத்தம் 796 சிசி. நாலு பேரையும் அவர்கள் மூட்டை முடிச்சையும் கொடைக்கானல் மலை ஏற்றியது இந்த மூணு டம்ளர்தானா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றிலிருந்துதான் இந்த இன்ஜினின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இதன் பெயர் எஃப்8பி. சுசூகியின் எஃப் வரிசை இன்ஜின். ஜப்பானில் சின்னக் கார்களுக்கென்று ஒரு தனி வகை உண்டு. இன்ஜின் இத்தனை சிசிக்கு மேல் போகாமல் இருந்தால் வரியில் சலுகை. அந்த வரம்பு 1976 வரை 360 சிசி, அப்புறம் 550. அதுவரை சுசூகி டூ ஸ்ட்ரோக் இன்ஜினில்தான் பேர்போனது. புகை விதிகள் இறுகியதும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாற வேண்டிவந்தது. அப்படிப் பிறந்ததுதான் மூன்று சிலிண்டர், 543 சிசி எஃப்5ஏ. வெளிநாட்டில் அந்த வரம்பு இல்லையே. அதனால் சிலிண்டரின் அகலத்தையும் (போர்) பிஸ்டன் போகிற தூரத்தையும் (ஸ்ட்ரோக்) கூட்டி 796 சிசியாக்கி ஏற்றுமதி ஆல்ட்டோவில் வைத்தார்கள். நம் ஊருக்கு வந்தது அதுதான். ஜப்பானின் வரிச் சட்டத்துக்காகப் போட்ட அளவை வெளியூருக்காகக் கொஞ்சம் பெரிதாக்கியதில் கிடைத்த இன்ஜின், நம் தெருக்களில் நாற்பது வருஷம் ஓடும் என்று வரைந்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

சுசூகியோடு மாருதி ஒப்பந்தம் போட்டது 1982-இல். 1983 டிசம்பர் 14 அன்று முதல் 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அப்போது வந்தது எஸ்எஸ்80 என்கிற பழைய உடம்பு. 1986-இல் உடம்பு மாறியது, நாம் எல்லோரும் 800 என்றதும் நினைக்கிற அந்த உருவம். உள்ளே இன்ஜின் அதேதான். 1984-இல் வந்த வேனிலும், பின்னால் ஆம்னி என்று பெயர் மாறியதே அதிலும், இதே இன்ஜின்தான் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீட்டில் இதை முதலில் யாரும் மதிக்கவில்லை. அப்பாவிடம் பியட் இருந்தது, பிரீமியர் பத்மினி. அவருக்கு 800 என்றால் 'தகர டப்பா'. "மூணு சிலிண்டர்ல கார் ஓடுமாடா? நாலாவதை மறந்துட்டு அனுப்பிட்டானா?" என்பார். அப்பாவின் பியட் இன்ஜினுக்கும் ஒரு பெரிய வம்சம் உண்டு. அந்த 1089 சிசி இன்ஜின் 1937-இல் இத்தாலியில் வந்த 508சி காருக்காகச் செய்தது. அதே 68-க்கு 75 மில்லிமீட்டர் அளவு, பம்பாய் குர்லா தொழிற்சாலையில் பத்மினி நிற்கிற வரைக்கும், கிட்டத்தட்ட 2000 வரை ஓடியது. வயசு என்று பார்த்தால் அப்பா கட்சிதான் ஜெயிக்கும். இதை நான் பின்னால் படித்துவிட்டு அவரிடம் சொன்னபோது, அந்த இன்ஜினைத் தானே வரைந்து கொடுத்தது போல ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் கணக்குப் பாருங்கள். பியட்டின் 1089 சிசி தந்தது சுமார் 40 குதிரைத் திறன். இந்த 796 சிசி தந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவே. பியட் 900 கிலோவுக்குப் பக்கம் இருக்கும், 800 சுமார் 650 கிலோ. சிக்னலில் யார் முதலில் கிளம்புவார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். பியட்டின் வால்வுகளைக் கீழே இருந்து புஷ்ராடு என்கிற கம்பி தள்ளும். எஃப்8பியில் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட் ஹெட்டின் தலைமேலேயே ஏறி உட்கார்ந்து, ஒரு ரப்பர் டைமிங் பெல்ட்டால் சுற்றும். கையில் பிடிக்கிற கனம்கூட இல்லாத பெல்ட். அதை முதலில் பார்த்தவர்கள் "தையல் மிஷின் வாரா இது?" என்று கேட்டதில் தப்பில்லை.

இன்னொரு வித்தியாசம்தான் என்னை ரயில்வே கேட்டில் கவிழ்த்தது. பியட்டில் இன்ஜின் நெடுக்கில் உட்கார்ந்திருக்கும், முகம் ரேடியேட்டரைப் பார்த்து. அதனால் இன்ஜின் முன்னாலேயே ஃபேனை மாட்டி பெல்ட்டால் சுற்றினார்கள். இன்ஜின் ஓடுகிற வரை ஃபேனும் ஓடும், கேள்வியே இல்லை. 800-இல் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டுகிறது. இடம் மிச்சம், எடை மிச்சம். ஆனால் இன்ஜினின் பெல்ட் பக்கம் வண்டியின் ஓரத்தைப் பார்க்கிறது, ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. ஆகவே தனி மின்சார ஃபேன். தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் சூடானால் தெர்மோ சுவிட்ச் என்கிற ஒரு சின்ன உருப்படி அதைப் போட்டுவிடும். வண்டி வேகமாக ஓடும்போது காற்றே போதும், ஃபேன் வேண்டியதில்லை. நிற்கும்போதுதான் வேண்டும். அந்த விரல் நீளச் சுவிட்ச் செத்துப்போனால் ஓடுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. கேட்டில் நிற்கும்போது தெரியும்.

என் வண்டியில் அந்தச் சுவிட்ச்தான் போயிருந்தது. அது மட்டுமா என்றால் இல்லை.

அண்ணன் ரேடியேட்டரின் அடிக் குழாயைக் கழற்றியதும் புளிக்கரைசல் மாதிரி தண்ணீர் கொட்டியது. மூன்று வருஷமாக வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருத் தண்ணீரில் பருப்பு வேகாது, அப்படி உப்பு. இட்லிக் கொப்பரையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்களின் உள்சுவரிலும் படிந்து பாதியை அடைத்திருந்தது. கூலன்ட் என்பது பெரிய வண்டிக்காரர்களின் ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். கூலன்ட் உறையாமல் இருப்பதற்கு மட்டும் இல்லை. துருப்பிடிக்காமல், படிவு சேராமல் காப்பதுதான் நம் ஊருக்கு அதன் முக்கியமான வேலை. அதைக் கலக்கவும் போர்வெல் தண்ணீர் ஆகாது, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் வேண்டும்.

அப்புறம் அண்ணன் தெர்மோஸ்டாட் இருக்கிற இடத்தைத் திறந்தார். உள்ளே காலி. முன்பு நான் சர்வீஸ் விட்ட ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுத்து எறிந்திருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்கிற வாதம் அன்றைக்குப் பரவலாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். தெர்மோஸ்டாட் செய்வது என்னவென்றால், தண்ணீர் எண்பது டிகிரி வாக்கில் சூடாகிற வரைக்கும் அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிப்பது. இன்ஜின் சீக்கிரம் தன் சூட்டுக்கு வந்தால்தான் பெட்ரோல் சரியாக ஆவியாகும், ஆயில் இளகி எல்லா இடத்துக்கும் போகும். அது இல்லாவிட்டால் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், மைலேஜ் குறையும், சிலிண்டர் தேயும். எனக்கு லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்ததற்குக் காரணம் தெரியாமல் ஒரு வருஷம் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். புதுத் தெர்மோஸ்டாட் போட்ட மாதமே அந்த இரண்டும் திரும்பி வந்தது.

ஹெட் கதைக்கு வருகிறேன். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சாதாரணச் சூட்டில் நடுவிலிருக்கிற கேஸ்கெட் இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் போல்ட் பிடித்திருக்கிற ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும். அண்ணன் ஹெட்டைத் துடைத்து, மேலே ஒரு எஃகு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துக் காட்டினார். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தகடு சாவகாசமாக உள்ளே போய் வந்தது. கண்ணுக்குத் தெரியாத வளைவு. அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீர் சிலிண்டருக்கும் ஆயிலுக்கும் போயிருக்கிறது.

லேத் பட்டறையில் கொடுத்து ஃபேசிங் செய்து வாங்கினோம், ஒரு தோல் சீவிச் சமப்படுத்துகிற வேலை. ஒவ்வொரு தடவை சீவும்போதும் ஹெட்டின் உயரம் குறையும், சிலிண்டருக்குள் காற்று நசுங்குகிற அளவு, கம்ப்ரஷன், ஏறும். அதனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சீவிக்கொண்டிருக்க முடியாது. இதை அண்ணன் சொன்ன விதம்: "கத்தியைத் தீட்டுற மாதிரிதான் தம்பி. தீட்டத் தீட்டக் கத்தி இளைக்கும்."

திரும்ப மாட்டும்போது அவர் ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த டார்க் ரெஞ்சை, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற ஸ்பானரை, எடுத்தார். பட்டறையில் மற்ற ஸ்பானரெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். இதை மட்டும் அவர் கைக்கு வெளியே நான் பார்த்ததில்லை. நடு போல்ட்டில் ஆரம்பித்து, மாற்றி மாற்றி ஓரத்துக்குப் போய், மறுபடி நடுவுக்கு வந்து, மூன்று சுற்றில் இறுக்கினார். ஒரே மூச்சில் ஓரத்திலிருந்து இறுக்கிக்கொண்டே போனால் புதுக் கேஸ்கெட்டும் ஆறு மாதத்தில் ஊதிக்கொள்ளுமாம். வேறு இடத்தில் கொடுக்க நேர்ந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஹெட் போல்ட்டை இறுக்குகிறவர் கையில் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா, இல்லை "கை அளவு தெரியும் சார்" என்கிறாரா.

எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்தச் சுவிட்சை முன்னாலேயே மாற்றியிருந்தால் நூற்றுச் சொச்சத்தில் முடிந்திருக்கும்.

அதற்கப்புறம் சூடு ஏறினால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். ஊசி வழக்கமான இடத்தைத் தாண்டினால், வண்டியை ஓரங்கட்டு, அணை. உடனே நிறுத்த முடியாத இடமென்றால், ஹீட்டர் இருந்தால் அதை முழுசாகத் திறந்துவிடு. உனக்கு வேர்க்கும், ஆனால் இன்ஜினின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. அந்த மூடி குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திரு, மூடியின் மேல் தடித்த ஈரத் துணி போட்டு முதல் படிக்கு மட்டும் திருகி, சீறல் நின்ற பிறகு எடு. பச்சைத் தண்ணீரைச் சூடான இன்ஜினில் கொட்டாதே, பிளாக் விரிசல் விடும்.

மூன்று சிலிண்டர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அப்பாவின் கேலிக்காகவாவது. இதன் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை, 1-3-2. பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற கிராங்க் தண்டு 240 டிகிரி திரும்புவதற்கு ஒரு வெடி. நாலு சிலிண்டரில் 180-க்கு ஒன்று. இடைவெளி அதிகம் என்பதால் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, கொஞ்சம் நடுக்கம் இருக்கும். ஸ்டீயரிங்கில், கியர் லிவரில் தெரியும். அது வியாதி இல்லை, சுபாவம். திடீரென்று நடுக்கம் அதிகமானால் முதலில் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். அதோடு இழுவையும் விழுந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நாலில் ஒன்று போனால் சமாளிக்கலாம், மூன்றில் ஒன்று போனால் வண்டி மேடு ஏறாது. பழைய கார்புரேட்டர் வண்டியில் அண்ணன் செய்வது, ஐடிலிங்கில் ஒவ்வொரு பிளக் வயராக இன்சுலேட்டட் பிளையரால் பிடித்துக் கழற்றிப் பார்ப்பது. எதைக் கழற்றினாலும் இன்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறாமல் அப்படியே ஓடுகிறதா, அதுதான் தூங்குகிற சிலிண்டர். புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இந்த வித்தை வேண்டாம். எரியாத பெட்ரோல் போய் அதைக் கெடுத்துவிடும்.

கார்புரேட்டர் மிகுனி வகை. மறைமலை நகரில் யூகால் கம்பெனி செய்தது. ஜப்பான் சாமான் என்று நாங்கள் பயபக்தியோடு தொட்டுக்கொண்டிருந்தது செங்கல்பட்டுப் பக்கம் செய்தது என்று தெரிந்தபோது அண்ணனே சிரித்துவிட்டார். கார்புரேட்டரில் நான் கற்றது ஒரே ஒன்று: தொடாதே. ஐடிலிங் சரியில்லை என்றால் ஆளாளுக்கு ஸ்குரூவைத் திருகுவார்கள். என் வண்டியில் ஒரு தடவை இரண்டு மாதம் இந்தத் திருகல் நடந்தது. கடைசியில் பார்த்தால் ஒரு வேக்கம் ஹோஸ் வளைவில் வெடித்துக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இருபது ரூபாய் ரப்பர் குழாய்.

காலம் மாற மாற இந்த இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோலும் புது வண்டிக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வந்தன. 2000 தொடக்கத்தில் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றபோது, "பழைய வண்டிக்கெல்லாம் வால்வு போயிடும்" என்று ஒரு பீதி கிளம்பியது. என் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அலுமினிய ஹெட் என்பதால் வால்வு உட்காருகிற வளையத்தைக் கெட்டியான உலோகத்தில் தனியாகப் பதித்திருப்பார்கள், அதனால் பயமில்லை என்று அண்ணன் அப்போதே சொன்னார். அதையொட்டி கார்புரேட்டர் போய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தனியாகப் பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ வந்தது. ஆல்ட்டோவுக்காகச் சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்து, மொத்தம் 12 வால்வோடு எஃப்8டி என்று ஒன்றைச் செய்தார்கள். திறன் 46 குதிரைக்கு ஏறியது. சிசி மட்டும் அதே 796. எத்தனை மாற்றினாலும் டம்ளர் அதே டம்ளர்தான்.

வெளியூரிலும் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. பாகிஸ்தானில் மெஹ்ரான் என்ற பெயரில் நம் 800-இன் உடன்பிறப்பு 1989 முதல் 2019 வரை இதே இன்ஜினோடு ஓடியது. கொரியாவில் 1991-இல் வந்த டேவூ டிக்கோவிலும் இதன் வழிவந்த 796 சிசி இன்ஜின்தான். அதிலிருந்து மேடிஸுக்குப் போனது. 1998-இல் அந்த மேடிஸ் 800-க்குப் போட்டியாக இங்கே வந்து இறங்கியபோது பங்காளிச் சண்டை என்று யாருக்கும் தெரியவில்லை.

2010-இல் பிஎஸ்-4 என்கிற புகை விதி வந்த சென்னை போன்ற 13 நகரங்களில் 800 விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. ஆம்னி 2019 வரை தாக்குப்பிடித்தது. எஃப்8டியோடு ஆல்ட்டோ 800 கடைசியாக 2023-இல் ஓய்வு பெற்றது.

பழைய 800 வாங்கப் போகிறவர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஓடி நல்லபடியாக இருக்கிற இன்ஜினும் உண்டு, அறுபதாயிரத்தில் ஹெட் மூன்று முறை சீவியதும் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போங்கள், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானட்டில் கை வைத்துப் பாருங்கள். முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஆயில் மூடியின் அடியைப் பாருங்கள், கூழ் இருக்கிறதா என்று. ரேடியேட்டர் தண்ணீரில் விரல் விட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிஷத்தில், இன்னும் சூடேறாத நிலையில், ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிசைந்து பாருங்கள். அதற்குள்ளேயே கல் மாதிரி இறுகியிருந்தால் சிலிண்டர் அழுத்தம் தண்ணீருக்குள் கசிகிறது. அப்புறம் நிறுத்தியபடியே கால் மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் தானாகப் போடுகிறதா என்று காத்திருங்கள். விற்கிறவர் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றுங்கள். ரப்பருக்கு ஓட்டம் மட்டுமல்ல, வயசும் ஒரு கணக்கு.

என் வண்டியை 2019 வரை வைத்திருந்தேன். பதினைந்து வருஷம் முடிந்து எஃப்சி, பசுமை வரி எல்லாம் மூன்று முறை ஆயிற்று. ஹெட்டை மறுபடி திறக்கவே இல்லை. வாங்கியது ஒரு பாலிடெக்னிக் பையன். சாவியோடு சர்வீஸ் நோட்டும், டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்த ஸ்பேர் தெர்மோ சுவிட்சும், ஒரு முழம் வயரும் கொடுத்தேன். வயர் எதற்கு என்று கேட்டான், சொன்னேன். தலையாட்டினான். கேட்ட மாதிரி தெரியவில்லை.

அடுத்த ஏப்ரலில் ஒரு மத்தியானம் போன்.

"சார், ஊசி ஏறுது. ஃபேன் சத்தமே இல்லை."

"எங்கப்பா நிக்கிற?"

"ரயில்வே கேட்ல சார்."

"மொதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணு. பின்னால யார் கத்தினாலும் பரவாயில்லை. பண்ணிட்டியா? சரி. ஆறட்டும். அப்புறம் அந்த வயரை எடுத்து ஃபேனை டைரக்ட் பண்ணு, சொல்றேன்."